வேலிப் பொட்டும் பனங்காய் வண்டிலும்

கண்டி வீதியால் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் நாவற்குழிப் பாலத்தையும் செம்மணி வெளியையும் தாண்டியதும் முதலில் சந்திக்கிற ஊர் அரியாலை. தெற்கே கடல்நீரேரி, கிழக்கே உவர் நிலம், வடக்கே நல்லூர், மேற்கே கொழும்புத்துறையும் சுண்டுக்குளியும். நடுவே வயல், பனை, தென்னை, கோயில், வளவுகள். வளர்ந்தவருக்கு இது அரை மணி நேரத்தில் நடந்து கடக்கிற நிலம். நாலு வயதுப் பெடியனுக்கோ இங்கே ஒரு வளவே ஒரு நாட்டுக்குச் சமன்.

அந்த வயதுப் பெடியனை வளர்ப்பது எந்தக் காலத்திலும் இலேசாக இருந்ததில்லை. சொன்னதைக் கேட்கமாட்டான், ஓரிடத்தில் இருக்கமாட்டான், கேட்ட கேள்வியையே நூறு தரம் கேட்பான், கோழியைத் துரத்துவான், சட்டி பானையை உருட்டுவான். "உவன் பொல்லாத குழப்படி" என்று தாய் அயலாருக்கு முறையிடுவாள். முறையிடும்போதே அவள் முகத்தில் ஒரு பெருமையும் தெரியும். பெருமைக்குக் காரணம் இருந்தது. 1946இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 பேர் முதலாவது வயதைக் காணாமலே இறந்தார்கள். மலேரியா பரவிய 1935இல் இழப்பு இன்னும் மோசம். இன்று அந்தத் தொகை ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு. பிள்ளை தப்புமா என்று ஏங்கிக் கிடந்த தலைமுறைகளுக்கு, துடியாட்டமாய் ஓடித் திரிகிற பெடியன் வீட்டுக்குள் வந்து நின்ற நற்செய்தி. அவனை அடக்குவதை விட அவனுக்குக் கண்ணூறு படாமல் காப்பதே பெரிய கவலையாக இருந்தது.

காப்பு முப்பத்தோராம் நாளே தொடங்கிவிடும். துடக்குக் கழித்து, பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கட்டி, கையில் வசம்பு கோத்த காப்புப் போட்டு, கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பார்கள். வசதியுள்ள உறவினர் பஞ்சாயுதம் செய்து வந்து கழுத்தில் போடுவார்கள். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து படைகளும் பொறித்த சிறு பதக்கம் அது. புறநானூற்றின் எழுபத்தேழாம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார் பாடுகிற நெடுஞ்செழியன், காற்சதங்கையைக் கழற்றிப் போர்க்கழல் கட்டிய பின்னும் கழுத்திலிருந்த தாலியைக் கழற்றாதவன். பால்குடி மறந்து அன்றுதான் சோறு தின்றவன். அவன் கழுத்தில் கிடந்த ஐம்படைத் தாலிதான் யாழ்ப்பாணத்துத் தட்டாரின் கையில் பஞ்சாயுதமாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

பல்லு முளைத்தால் கொழுக்கட்டை. அரிசிமாவுக்குள் பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்து, விளிம்பில் பல்லு வரிசை போலத் தேங்காய்ச் சொட்டுகளைக் குத்தி அவிப்பார்கள். பிள்ளையை இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, சின்னச் சின்னக் கொழுக்கட்டைகளை அதன்மேல் சொரிவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில் வீரிட்டு அழும். பிறகு முன்னால் புத்தகம், பேனை, காசு, நகை, கத்தி என்று பரப்பி வைத்து எதை எடுக்கிறான் என்று பார்ப்பார்கள். புத்தகத்தைத் தொட்டால் படிப்பாளி, காசைத் தொட்டால் வியாபாரி. அவன் கத்தியை எடுத்தாலும் அதற்கும் ஒரு நல்ல பலன் சொல்ல ஆச்சி ஒருத்தி இருப்பாள்.

அந்த ஆச்சி யார் என்பதில்தான் இந்தச் சரித்திரத்தின் முடிச்சு இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி எழுதிய தேசவழமைத் தொகுப்பு இன்றும் வடபகுதித் தமிழரின் சொத்துரிமைக்கு அடிப்படை. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி பல ஆண்டு அனுபவத்தைக் கொண்டு எழுதிய அந்தத் தொகுப்பில் சீதனத்துக்குப் பெரிய இடம் உண்டு. தாயின் சீதனக் காணி மகள்மாருக்குப் போகும். கலியாணம் முடித்தவர்கள் பெரும்பாலும் பெண்ணின் காணியிலேயே குடியிருப்பார்கள். ஒரு தாய்க்கு மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வளவு மூன்றாகப் பிரியும். மூன்று வீடு எழும்பும். மூன்று வீட்டுக்கும் நடுவே வேலி வரும். ஆனால் வேலியின் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் சகோதரிகள். அதனால் வேலியில் ஒரு பொட்டும் இருக்கும்.

பொட்டு என்றால் கிளுவைக்கும் பூவரசுக்கும் இடையே கிடுகை விலத்திப் போகிற ஒரு இடைவெளி. கறி மாறுவதும், நெருப்புக்கொள்ளி வாங்குவதும், ஊர்க்கதை பரிமாறுவதும் அதற்குள்ளால்தான். வளர்ந்தவர்கள் குனிந்து போகவேண்டும். மூன்று வயதுப் பெடியன் நிமிர்ந்தபடியே ஓடுவான். இங்கே அம்மா ஏசினால் அங்கே சின்னம்மா. சின்னம்மா வீட்டில் தோசை கருகினால் பெரியம்மா வீட்டில் பிட்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் அம்மம்மா. அவள் மடியில் பினாட்டுத் துண்டோ பனங்கட்டிக் குட்டானோ ஏதாவது இருக்கும்.

தந்தை வழியை விடத் தாய் வழி உறவு இப்படி நெருங்கி நிற்கக் காரணம் அன்பு மட்டும் என்று சொல்லிவிட முடியாது. காணி உறுதியும் சேர்ந்தே அதைச் செய்தது. ஒரு துடியாட்டக்காரப் பெடியனுக்குப் பின்னால் ஓட ஒருத்திக்குப் பதிலாக ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருத்தி களைத்தால் மற்றவள் வாங்கிக்கொண்டாள். தாய்க்கு மத்தியானம் ஒரு கண் அயரக் கிடைத்தது. பொறுமை என்று புகழப்படுகிற பழைய தாய்மாரின் குணத்தில் ஒரு பெரும் பங்கு இந்த ஏற்பாட்டைச் சேரும் என்றே சொல்லவேண்டும்.

இதன் இன்னொரு பக்கத்தை மறைக்கக் கூடாது. இந்த ஏற்பாடு பெண்களின் உழைப்பின் மேல் நின்றது. சாதியால் ஒதுக்கப்பட்டு, எழுதி வைக்கச் சொந்தக் காணியே இல்லாதிருந்த குடும்பங்களில் தாய்மார் மற்றவர் தோட்டத்தில் கூலிக்கு நின்றார்கள். மரநிழலில் கட்டிய ஏணையில் கைக்குழந்தை கிடக்க, நாலு வயதுப் பெடியனே அதை ஆட்டினான். அவனுடைய குழப்படிக்கு நேரம் குறைவு.

சொந்தக் காணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லாத் தாய்மாருக்கும் பொதுவான பயம் ஒன்றே: கிணறு. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. அதனால் வளவுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு துலாக் கிணறு. பழைய கிணறுகள் பலவற்றின் கட்டுத் தாழ்வு. தண்ணீருக்குள் தெரிகிற தன் முகத்தை எட்டிப் பார்க்க விரும்பாத பெடியன் உலகத்தில் இல்லை. "தம்பி, கிணத்தடிக்குப் போகாதை!" என்ற குரல் ஒரு நாளில் எத்தனை தரம் கேட்டிருக்கும்! அதற்கும் அடங்காவிட்டால் உம்மாண்டி வந்தார். பிள்ளை பிடிகாரர் சாக்கோடு வந்தார். பிள்ளைகளை வெருட்டி வளர்ப்பது நல்லதல்ல என்று இன்று சொல்கிறோம், சரியாகத்தான் சொல்கிறோம். என்றாலும் இரும்பு வலை போட்டு மூடாத கிணற்றடியில் வாழ்ந்த தாய்க்கு உம்மாண்டி ஒரு காவற்காரனாக இருந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கிணற்றடியை விட்டால் மற்ற எல்லா இடமும் விளையாட்டுக்குத் திறந்திருந்தது. காற்றுக்குக் கொட்டுண்ட தென்னங் குரும்பட்டியில் ஈர்க்குக் குத்தித் தேர். சிரட்டையில் மண்சோறு. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழத் தொடங்கினால் வண்டில். இரண்டு பனங்காய்களை ஒரு தடியின் இரு முனையிலும் குத்தி, கவர்த்தடியால் தள்ளிக்கொண்டு ஓடுவது. அண்ணன்மார் செய்து கொடுக்க, தம்பி அதைத் தள்ளி ஒழுங்கை முழுக்கப் புழுதி எழுப்புவான். வாயால் ஹோர்ன் அடிப்பான். பிறகு வண்டில் உடையும், அழுவான், அடுத்த நாள் வேறு பனங்காய் விழும். செலவில்லாத விளையாட்டுப் பொருள், உடைந்தால் ஏச்சில்லாத விளையாட்டுப் பொருள். துடிப்பான பிள்ளைக்கு இதை விடப் பொருத்தமானதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

தமிழ் இலக்கியம் இந்த வயதை நன்றாகவே கவனித்திருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மேல் பாடியதிலிருந்து வளர்ந்த பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. ஆண்பிள்ளைக்கான கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்கிறான். சின்னப் பறையைக் கொட்டிக் காதைத் துளைக்கிறான். சின்னத் தேரை உருட்டித் தெருவை அடைக்கிறான். பாலர் வகுப்பு ஆசிரியை ஒருவர் இன்று தாய்க்குச் சொல்லக்கூடிய மூன்று முறைப்பாடுகளும் இவைதான். புலவர்கள் அவற்றைத் தெய்வத்தின் மேலும் அரசன் மேலும் ஏற்றிக் கொண்டாடினார்கள். அரியாலைப் பெடியனின் பனங்காய் வண்டில் அந்தச் சிறுதேரின் நேர் வாரிசு.

எழுத்து எப்போது வந்தது? விசயதசமி அன்று. தகப்பனோ, குருக்களோ, ஊரில் மதிப்புள்ள ஆசிரியரோ பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய பச்சையரிசியில் அவன் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிப்பார். ஏடு தொடக்குதல் என்று பெயர். அவல், கடலை, பழம் கிடைக்கும். சில பெடியன்கள் அரிசியை வாரி எறிவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த நாள் வாழ்க்கை பழையபடி வளவுக்குள் ஓடும். கல்வியைத் தொட்டுக் காட்டிவிட்டு இன்னும் இரண்டொரு வருடம் அவனை விட்டுவைத்தது இந்த வழக்கத்தின் பெரிய நயம்.

பிறகு திண்ணையில் சட்டம்பியார். மணலில் எழுத்து, வாயால் பாடம், பூவரசந் தடி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வந்து நிலைமையை மாற்றினார்கள். அரியாலைக்கு அயலில் நல்லூரில் சர்ச் மிஷன் சங்கத்தார் 1818இல் குடியேறினார்கள். 1823இல் அங்கே தொடங்கிய பள்ளிக்கூடமே பிறகு சுண்டுக்குளிக்கு மாறிப் பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார்; அடுத்து அச்சுக்கூடம்; அடுத்துப் பாலபாடங்கள். சிறு பிள்ளைக்கென்று படிப்படியாக அமைந்த தமிழ் வாசிப்பு நூல் என்ற வகையில் பாலபாடம் ஒரு பெரிய பாய்ச்சல். ஆனால் நாவலர் பிள்ளையைப் பார்த்தது நல்லொழுக்கம் கற்கவேண்டிய ஒரு சின்ன மனிதனாகவே. விளையாட்டுக்கு அதில் இடம் குறைவு.

அந்தக் குறையை நிரப்பியவர்கள் அடுத்த நூற்றாண்டில் வந்தார்கள். கல்வி அதிகாரி க. ச. அருள்நந்தியின் ஊக்கத்தால் சிறுவருக்கான புதிய பாட்டுகள் திரட்டப்பட்டு, 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்ற தொகுதி வெளிவந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்புக் கூழையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும், தாடி அறுந்த வேடனையும் பாட்டாக்கினார். 1953இல் அவர் மறைந்த பிறகும் பிள்ளைகளுக்கு அவர் தங்கத் தாத்தா. வளவுக்குள் பெடியன் அன்றாடம் காண்கிற பொருள்களே பாட்டுக்குள் வந்ததால், அரிவரி வகுப்பில் இருக்க முடியாமல் நெளிகிறவனும் பாட்டு நேரத்தில் எழும்பிக் கை தட்டினான்.

உலகத்தின் வேறு பக்கத்திலும் இதே சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியில் பிரடரிக் புரோபெல் 1840இல் தன் விளையாட்டுப் பள்ளிக்குப் பிள்ளைகளின் தோட்டம் என்று பெயரிட்டார். 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் மரியா மொண்டிசோரி தன் முதல் இல்லத்தைத் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போக, தனியே விடப்பட்ட சின்னப் பிள்ளைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்கிய குடியிருப்பு அது. குழப்படிதான் மொண்டிசோரி முறையைப் பிறப்பித்தது என்றாலும் தவறில்லை. உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் தங்க நேர்ந்த அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார். தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, தானியத்தைத் தரம் பிரிப்பது என்று அவர் வகுத்த வேலைகளில் பல, சுளகோடு இருந்த அம்மம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அரியாலைப் பெடியன் ஏற்கெனவே செய்தவை. இன்று குடாநாட்டில் 'மொண்டிசோரி', 'நேசரி' என்ற பெயர்களில் நடக்கிற இடங்கள் சிலவற்றில் மூன்று வயதிலேயே கொப்பியும் பென்சிலும் வீட்டுப்பாடமும் வந்துவிட்டதைக் கண்டால் மொண்டிசோரியும் புரோபெலும் வருந்துவார்கள்.

வேலியும் பொட்டும் ஒரே நாளில் அழியவில்லை. ஆனால் ஒரு நாளைத் தனியே குறிப்பிடத்தான் வேண்டும். 1995 ஒக்டோபர் 30. போரில் அரச படை முன்னேறி வர, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டார்கள். அந்த வெள்ளத்தின் பெரும் பகுதி அரியாலையையும் செம்மணியையும் கடந்து நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டது. மழை. இருட்டு. அடி அடியாக நகர்கிற கூட்டத்துக்குள், கையை விட்டுவிட்டு ஓடப் பார்க்கிற நாலு வயதுப் பெடியனை வைத்திருந்த தாய்மாரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். தோளில் சுமந்தார்கள், சைக்கிள் பாரில் இருத்தினார்கள், சேலைத் தலைப்பால் இடுப்போடு கட்டினார்கள். ஓடாதே என்ற சொல் அன்று உயிரைப் பற்றியது.

1996இல் பலர் திரும்பி வந்தார்கள். வந்த அதே காலத்தில்தான் செம்மணிப் பக்கத்தில் ஆட்கள் காணாமல் போனார்கள். 2025இல் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அவற்றில் ஒன்றோடு நீல நிறப் புத்தகப் பையும் பொம்மையும் கிடந்தன. நாலு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் எலும்புகள் அவை என்று சட்ட வைத்திய அறிக்கை சொன்னது. அரியாலைப் பிள்ளைகளின் கதையை எழுதுகிறவர் இந்த மண்ணில் கிடந்த அந்தப் பிள்ளையைத் தாண்டிப் போகக் கூடாது. அவள் யார், எப்படி அங்கே வந்தாள் என்பதற்கு இந்த நாடு பதில் சொல்லியாக வேண்டும்.

போர் ஒரு பக்கம் பிரித்தது. வெளிநாடு மறு பக்கம் பிரித்தது. மூன்று சகோதரிகளில் ஒருத்தி சூரிச்சில், ஒருத்தி கனடாவின் ஸ்காபரோவில், ஒருத்தி ஊரில். வெறுமையான வளவுகளுக்குப் பூட்டு. கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில். மதிலில் பொட்டு வைக்க முடியாது. ஊரில் மிஞ்சிய இளம் தாய் ஒரு துடியாட்டக்காரப் பெடியனோடு நாள் முழுக்கத் தனியே நிற்கிறாள். வேலைக்குப் போகிறவளானால் நிலைமை இன்னும் இறுக்கம். கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்து அவனை இருத்தி வைக்கிறாள் என்று ஊர் அவளைக் குறை சொல்கிறது. அம்மம்மா, சின்னம்மா, பெரியம்மா, மாமி என்று ஆறு பேர் செய்த வேலையை ஒருத்தி செய்வதைப் பார்த்துக்கொண்டு சொல்கிற அந்தக் குறை நியாயமற்றது.

நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. பூவரசந் தடி விதிப்படி போய்விட்டது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இல் சுற்றறிக்கை விட்டது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து நிறையும் உயரமும் பார்க்கிறார். 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவைச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் போட்டுக் குழைத்து உருண்டையாக்கிக் கொடுத்தால், ஓடுகிற பெடியனும் ஒரு கணம் நின்று வாயைத் திறக்கிறான். சனசமூக நிலையங்களோடு சேர்ந்த முன்பள்ளிகள் குடாநாடு முழுவதும் இயங்குகின்றன. அவற்றின் வருடாந்த விளையாட்டு விழாவில் தொப்பி மாற்றுவதற்கும் பழம் பொறுக்குவதற்கும் ஓடவேண்டிய பெடியன், பாதி வழியில் அம்மாவைக் கண்டு கோட்டை விட்டுக் குறுக்கே பாய்வது இப்போதும் நடக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டிச் சுதேசிய திருநாட் கொண்டாட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருகிற அரியாலைக்கு, சின்னப் பிள்ளைகளைச் சேர்த்து விளையாட விடுவதற்கான ஆட்பலமும் திடலும் இல்லாமல் இல்லை.

ஸ்காபரோவில் கதை வேறு. அங்கே அடுக்குமாடியில் பெடியன் குதித்தால் கீழ்வீட்டுக்காரர் முகட்டைத் தட்டுவார். பனிக்காலத்தில் நாலு மாதம் கதவுக்குள் அடைப்பு. 2011இன் கடைசியில் கனடா பெற்றோருக்கும் பாட்டன் பாட்டிமாருக்குமாக சூப்பர் விசாவைக் கொண்டுவந்த பிறகு, அரியாலையிலிருந்தும் அம்மம்மாமார் விமானம் ஏறினார்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவதும், திரும்பி வந்தவனுக்குக் குழையல் உருட்டித் தீத்துவதும் அவர்கள் பொறுப்பு. ஒன்ராறியோவில் நாலு வயதிலேயே முழுநாள் பாலர் வகுப்பு உண்டு. அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடுகிறார்கள், மணலில் தோண்டுகிறார்கள், மரக்கட்டையால் வீடு கட்டி உடைக்கிறார்கள். "உங்கை என்னடா படிச்சனி, ராசா?" என்று அம்மம்மா கேட்க, "விளையாடினனான்" என்கிறான் அவன். ஏடு தொடக்கிய மறுநாள் தன் தம்பிமார் வளவுக்குள் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதில் குறை எதுவும் தெரிவதில்லை.